லினக்ஸ் சர்வரில் கோப்புப் பகிர்வு: யந்திரத்தை நம்புவதா, மனிதரை நம்புவதா?

ஒரு கோப்பை ஒருவருக்கு அனுப்பிவைப்பது ஒரு காரியம். அதே கோப்பை ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் தத்தம் மேசையிலிருந்தபடியே திறந்து, திருத்தி, மூடி வைக்கும்படி ஏற்பாடு செய்வது வேறொரு காரியம். அனுப்பும்போது பிரதி உண்டாகிறது. பிரதி உண்டான கணத்திலேயே எது மூலம், எது நகல் என்ற சந்தேகமும் உடன் பிறந்துவிடுகிறது. புத்தகம் அச்சிடும் இடங்களில் சிறிது காலம் பழகியவர்கள், ஒரே நூலின் கோப்பு ‘இறுதி’ என்றும், ‘இறுதி 2’ என்றும், ‘சரியான இறுதி’ என்றும் மூன்று கணினிகளில் மூன்று ரூபமாய்க் கிடக்க, பிழைதிருத்துபவர் திருத்தியது ஒன்றும் அச்சுக்குப் போனது மற்றொன்றுமாய் முடிந்த சங்கடத்தைக் கண்டிருப்பார்கள். மூலம் ஒன்றே இருக்கட்டும், அது சர்வரில் இருக்கட்டும், வேண்டியவர் எல்லோரும் அதனிடம் வரட்டும் என்பதுதான் நெட்வொர்க் வழியே கோப்பைப் பகிர்ந்துகொள்வதன் அடிப்படைத் தத்துவம்.

லினக்ஸ் சர்வரில் இந்த ஏற்பாட்டைச் செய்ய என்.எப்.எஸ். என்றும் சாம்பா என்றும் இரண்டு பிரதான மார்க்கங்கள் இருக்கின்றன. புதிதாய் இக்காரியத்தில் இறங்குகிறவர்கள் இவ்விரண்டில் எது வேகமானது, எதை நிறுவுவது சுலபம் என்றே முதலில் விசாரிக்கிறார்கள். அந்த விசாரணை அவசியமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் இரண்டையும் பல இடங்களில் நிறுவி, பழுது பார்த்து, சில வேளைகளில் இரவு முழுதும் அவற்றின் முன்னே உட்கார்ந்திருந்த அனுபவத்திலிருந்து எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம், இவற்றின் உண்மையான பேதம் வேகத்தில் இல்லை என்பதே. சர்வரின் வாசலில் வந்து நிற்பவரை யார் அடையாளம் காட்டுவது என்ற விஷயத்தில் இரண்டும் எதிரெதிரான கொள்கை உடையவை. அந்தப் பேதத்தை விளங்கிக்கொண்டால், நிறுவும்போது எழும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தானே புலப்படும்.

1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்றிருந்த அபய் பூஷண் எழுதிய ஆர்.எப்.சி. 114 என்ற ஆவணத்தில், எப்.டி.பி. எனப்படும் கோப்பு மாற்று விதிமுறை முதன்முதலாக வகுக்கப்பட்டது. தூரத்திலிருந்த கோப்பைத் தன்னிடம் வரவழைப்பதற்கு அது பெரிய சாதனமாக இருந்தது. ஆனால் வந்து சேர்வது பிரதியே. தூரத்துக் கோப்பு தன் சொந்த வட்டிலேயே இருப்பதுபோல் தோன்றவேண்டும், அதைத் திறக்கும் மென்பொருளுக்கு அது எங்கே இருக்கிறதென்ற பிரக்ஞையே வேண்டியதில்லை என்ற எண்ணத்தைப் பரவலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது, 1980களின் நடுவில் ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எப்.எஸ்.தான். 1985இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பே உலகம் கண்ட முதல் பதிப்பு. முதற்பதிப்பு நிறுவனத்துக்குள்ளேயே பரிசோதனையோடு நின்றுவிட்டது. விதிமுறையைத் தன்னிடமே பூட்டி வைக்காமல், பிறரும் எழுதிக்கொள்ளட்டும் என்று ஸன் வெளியிட்ட காரணத்தால் அது எல்லா யூனிக்ஸ் யந்திரங்களுக்கும் பொதுவான பாஷையாயிற்று. 1989இல் ஆர்.எப்.சி. 1094 என்ற எண்ணோடு அது ஆவணமாகவும் பதிவாயிற்று.

அதை வகுத்தவர்கள் செய்த முக்கியமான தீர்மானம், சர்வர் எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாகாது என்பதாகும். எந்தக் கணினி எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது, எதுவரை வாசித்திருக்கிறது என்ற கணக்கு யாவும் கிளையண்ட் கணினியிடமே இருக்க, சர்வரிடம் வரும் ஒவ்வொரு வேண்டுகோளும், இன்ன கோப்பில் இன்ன இடத்திலிருந்து இத்தனை பைட்டுகள் என்று தன்னளவில் பூர்த்தியாக வந்தது. சர்வர் நடுவில் விழுந்து மறுபடி எழுந்தாலும், கிளையண்ட் தன் வேண்டுகோளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்து, பதில் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர முடிந்தது. யந்திரங்கள் அடிக்கடி விழுந்துகொண்டிருந்த அக்காலத்துக்கு இது மிகவும் உசிதமான ஏற்பாடு. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. எழுதும்படி வந்த தகவல் வட்டில் பதிந்த பின்னரே சர்வர் பதில் சொல்லவேண்டும் என்ற விதியால் எழுதுதல் மந்தமாயிற்று; கோப்பைப் பூட்டும் வேலைக்கு வேறு துணை விதிமுறைகள் வேண்டியிருந்தன; ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை அவரே அழித்தால், கிளையண்ட் அதை அழிக்காமல், புள்ளியும் என்.எப்.எஸ். என்ற எழுத்துகளும் எண்களுமாகத் தொடரும் ஒரு விநோதப் பெயருக்கு மாற்றி மறைத்து வைக்கவேண்டி வந்தது. அத்தகைய பெயர்களை ஃபோல்டரில் கண்டு வைரஸ் என்று பயந்தவர்களுக்கு நான் பலமுறை சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

இனி அடையாளத்தின் விஷயத்துக்கு வருவோம். என்.எப்.எஸ்.ஸின் சாதாரண வழக்கில், வேண்டுகோளோடு மனிதரின் பெயர் செல்வதில்லை, பாஸ்வேர்டும் செல்வதில்லை, யு.ஐ.டி. என்ற பயனர் எண்ணும், அவர் சேர்ந்த குழுக்களின் எண்களுமே செல்கின்றன. இன்றைய லினக்ஸ் விநியோகங்களில் முதலாவதாக உண்டாக்கப்படும் பயனருக்குப் பெரும்பாலும் 1000 என்ற எண் வாய்க்கிறது. கணக்கரின் கணினியில் கணக்கர் 1000. பக்கம் வடிவமைப்பவரின் கணினியில் அவரும் 1000. இவ்விருவரும் ஒரே சர்வரை மௌண்ட் செய்தால், சர்வரின் கண்ணுக்கு இருவரும் ஒரே மனிதர். ஒருவர் அந்தரங்கமாய் வைத்த சம்பளப் பட்டியலை மற்றவர் தடையின்றித் திறக்கலாம், திருத்தலாம். இது மென்பொருளின் குற்றமன்று. கிளையண்ட் கணினி சொல்லும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வதென்பதே அதன் கொள்கை. ஒரு கல்லூரியிலோ ஆராய்ச்சி சாலையிலோ எல்லா யந்திரங்களையும் ஒரே நிர்வாகி பரிபாலித்து, எல்லோருக்கும் ஒரே எண் பட்டியலை வழங்கி வந்த காலத்தில் அது முழுக்க நியாயமான நம்பிக்கையாகவே இருந்தது.

அந்தக் காலத்தின் சுவடு ஒன்று இன்றும் மிச்சமிருக்கிறது. லினக்ஸின் என்.எப்.எஸ். சர்வர், தனியாக வேறுவிதம் சொல்லாத வரையில், 1024க்குக் குறைந்த போர்ட் எண்ணிலிருந்து வரும் வேண்டுகோளையே ஏற்கும். யூனிக்ஸில் அந்த எண்களைத் திறக்க ரூட் அதிகாரம் வேண்டும். ரூட் அதிகாரம் உடையவர் பொறுப்புள்ள ஒருவராகத்தான் இருப்பார் என்பது அன்றைய அனுமானம். இன்றோ ஒவ்வொரு மாணவரும் தம் மடிக்கணினிக்குத் தாமே ரூட். ஆகவே அந்த நிபந்தனை இப்போது காப்பது சொற்பமே. ரூட் ஸ்குவாஷ் என்னும் ஏற்பாடு இதைவிடப் பயனுள்ளது: கிளையண்டின் ரூட், சர்வரின் ரூட்டாக நடந்துகொள்ள இடம் தராமல், அவரை ‘நோபடி’ என்னும் 65534ஆம் எண்ணுடைய அதிகாரமற்ற ஆளாக மாற்றிவிடுகிறது. இது தானாகவே அமலில் இருக்கிறது. பேக்கப் எடுக்க அசௌகரியமாயிருக்கிறதென்று பலர் இதை நீக்கிவிடுகிறார்கள். நீக்கலாகாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இதன் எல்லையையும் அறிந்துகொள்ளவேண்டும்: ரூட்டாக இருப்பவர் தம் கணினியில் 1000 என்ற எண்ணுள்ள பயனராக ஒரு கணத்தில் மாறிக்கொள்ளலாம், அப்போது ரூட் ஸ்குவாஷ் குறுக்கே நிற்பதில்லை.

என்.எப்.எஸ்.ஸை நிறுவும் வேலை சொற்பமானதே. எக்ஸ்போர்ட்ஸ் என்ற கோப்பில், எந்த ஃபோல்டர், எந்தக் கணினிக்கு, எந்த நிபந்தனையில் என்று ஃபோல்டருக்கு ஒரு வரி எழுதி, எக்ஸ்போர்ட்-எப்.எஸ். என்ற கட்டளையை இட்டால் தீர்ந்தது. இந்த ஒரு வரியில்தான் பெரிய அபாயமும் ஒளிந்திருக்கிறது. கிளையண்டின் முகவரியை, 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம், எழுதி முடித்ததும், ஓர் இடைவெளிகூட விடாமல் அடைப்புக்குறியைத் திறந்து, வாசிக்கவும் எழுதவும் அனுமதி என்பதைக் குறிக்கும் ‘ஆர்.டபிள்யூ.’ என்ற எழுத்துகளை இடவேண்டும். நடுவே ஓர் இடைவெளி விழுந்தால் வரியின் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது: குறிப்பிட்ட கணினிக்கு வெறும் வாசிக்கும் அனுமதியும், நெட்வொர்க்கிலுள்ள மற்ற யாவருக்கும் எழுதும் அனுமதியும் போய்ச் சேர்கின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அலுவலகத்தில் நானே இந்த இடைவெளியை விட்டேன். அனுமதி பெறவேண்டியவரின் கணினியில் கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்று புகார் வந்தது. ஃபோல்டரின் அனுமதிதான் குறுகலாக இருக்கிறதென்று எண்ணி, அதை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். புகார் தீரவில்லை. மறுநாள் வேறொரு அறையில், இந்தப் பகிர்வுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கணினியிலிருந்து அதே ஃபோல்டரில் தாராளமாக எழுத முடிவதைக் கண்டபோதுதான் விஷயம் விளங்கிற்று. எக்ஸ்போர்ட்-எப்.எஸ். கட்டளை அந்த வரியைப் பற்றி எச்சரிக்கை ஒன்றை முதல் நாளே திரையில் அச்சிட்டிருந்தது; வேலை முடிந்ததென்ற திருப்தியில் நான் அதை வாசிக்கவில்லை. ஓர் இரவு முழுதும் அந்த அலுவலகத்தின் கோப்புகள் காப்பின்றித் திறந்து கிடந்தன என்ற நினைவு இன்றும் என்னை வருத்துகிறது.

குழுக்களின் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த எண்வழி அடையாளத்தில் ஒருவருடைய குழுக்களில் 16 மட்டுமே வேண்டுகோளோடு செல்ல இடமிருக்கிறது. பதினேழாவது குழுவில் ஒருவரைச் சேர்த்துவிட்டு, ஏன் இவருக்கு மட்டும் கதவு திறக்கவில்லை என்று ஆராய்கிற நிர்வாகி, தாம் செய்த எந்தக் காரியத்திலும் பிழை காணமாட்டார். பிழை உறையின் அளவில் இருக்கிறது. குழுக்களைக் கிளையண்ட் சொல்லக் கேட்காமல் சர்வரே தன் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளும்படி செய்ய ஒரு வழி உண்டு. பெரிய ஸ்தாபனங்களில் அதைக் கைக்கொள்வது நலம்.

1995இல் வந்த மூன்றாம் பதிப்பு, 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு வழி திறந்ததோடு, எழுதுவதைத் திரட்டி வைத்து முடிவில் ஒருமுறை வட்டில் உறுதிசெய்யும் முறையையும் கொண்டுவந்து மந்தத்தைப் போக்கிற்று. 2000ஆம் ஆண்டின் இறுதியில் முதலில் வெளியாகி, 2003இல் திருத்தமுற்ற நான்காம் பதிப்போ பழைய கொள்கையையே மாற்றியது. சர்வர் இப்போது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. திறப்பும் பூட்டும் விதிமுறைக்குள்ளேயே வந்துவிட்டன. முன்பு பல போர்ட்டுகளைத் திறக்கவேண்டியிருந்த ஃபயர்வாலில் 2049 ஒன்றைத் திறந்தால் போதுமென்றாயிற்று. ஞாபகம் வைத்துக்கொள்கிற சர்வர் விழுந்தெழுந்தால், தம்மிடம் பூட்டு இருந்ததென்று உரிமை கோருவோருக்கு அவகாசம் தரவேண்டியிருக்கிறது. லினக்ஸில் அந்த அவகாசம் சாதாரணமாக 90 விநாடி. சர்வரை மறுபடி இயக்கியதும் ஒன்றரை நிமிஷம் நெட்வொர்க் உறைந்ததுபோல் நிற்பதற்குக் காரணம் இதுவே; பழுதென்று பதறி மறுபடியும் இயக்கினால், ஒன்றரை நிமிஷக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். மனிதரையே அடையாளம் காணும் கெர்பரோஸ் முறையை ஒவ்வொரு முழுமையான சர்வரும் அறிந்திருக்கவேண்டும் என்பதும் இப்பதிப்பின் விதி. ஆயினும் தனியாக ஏற்பாடு செய்யாவிடில், நான்காம் பதிப்பிலும் நடப்பது பழைய எண்வழி நம்பிக்கைதான். நான் கண்ட சிறு அலுவலகங்களில் கெர்பரோஸை முயன்றவர்கள் மிகச் சிலரே.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். எஸ்.எம்.பி. என்ற விதிமுறை 1980களில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் என்பவரால் தொடங்கப்பட்டு, மைக்ரோசாப்டின் கையில் வளர்ந்து, விண்டோஸ் கணினிகளின் சுயபாஷையாயிற்று. என்.எப்.எஸ்.போல் அதன் விதிகள் முழுமையாய் எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதை யூனிக்ஸ் யந்திரத்துக்குக் கற்பித்த வரலாறு, கோப்புப் பகிர்வின் சரித்திரத்திலேயே என் மனத்துக்கு மிகவும் உகந்த பகுதி.

1991ஆம் ஆண்டின் இறுதியில், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், தம் டாஸ் கணினியிலிருந்து ஒரு யூனிக்ஸ் சர்வரின் வட்டை அணுக விரும்பினார். அதற்கு என்.எப்.எஸ். மென்பொருள் அவரிடம் இருக்கவே இருந்தது. ஆனால் அவர் உபயோகித்த வேறொரு மென்பொருள் நெட்பயாஸ் என்ற இணைப்பு முறையை வற்புறுத்த, இரண்டும் ஒத்துப் போகவில்லை. ஆகவே அவர், இரு யந்திரங்கள் கம்பி வழியே பேசிக்கொள்வதை ஒற்றுக்கேட்கும் ஒரு சிறு மென்பொருளை எழுதி, கேட்டதைக் கொண்டே அந்தப் பாஷையை அனுமானித்து, யூனிக்ஸ் யந்திரத்தை டாஸ் கணினிகளுக்கேற்ற கோப்பு சர்வராகத் தோன்றச் செய்தார். பாஷை தெரியாத தேசத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து, மற்றவர் என்ன கேட்கிறார்கள், பரிசாரகர் என்ன கொண்டுவந்து வைக்கிறார் என்று பார்த்துப் பார்த்தே பேச்சைக் கற்றுக்கொள்வதற்கு இம்முறையை அவரே பின்னர் ஒப்பிட்டார். 1992இன் தொடக்கத்தில் அதை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதை மறந்தும் இருந்தார். பிறகு மனைவியின் விண்டோஸ் கணினியைத் தம் லினக்ஸ் கணினியோடு இணைக்க நேர்ந்தபோது, வேறு வழி தெரியாமல் தம் பழைய மென்பொருளையே இட்டுப் பார்க்க, அது ஓடியதைக் கண்டு அவரே வியந்தார். லினக்ஸும் சாம்பாவும் சேர்ந்து நடந்த நெடும் பயணம் அந்த வீட்டில் தொடங்கிற்று எனலாம்.

பெயரின் கதையும் சுவையானது. முதலில் இட்டிருந்த பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரியதால், எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அந்த வரிசையில் அமைந்த சொற்களைத் தருமாறு கணினியின் அகராதிக் கோப்பையே கேட்டார். வந்தவற்றுள் சால்மன்பெரி என்ற கனியின் பெயரும், ஸ்கிராம்பிள் என்ற சொல்லும் இருந்தன. அவர் பிரேஸில் நாட்டு நடனத்தின் பெயரைத் தேர்ந்துகொண்டார். பிற்பாடு ஜெரெமி அல்லிஸன் முதலியோர் சேர்ந்து ஒரு பெரிய குழுவாயினர். 2004இல் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்ரோசாப்டுக்கு எதிராக அளித்த தீர்மானத்தை 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் உறுதிப்படுத்தவே, அவ்வாண்டு டிசம்பரில், 10,000 யூரோ என்ற ஒரே தடவைக் கட்டணத்துக்கு விதிமுறை ஆவணங்கள் சாம்பாக் குழுவினரின் கைக்கு வந்தன. பதினைந்து ஆண்டுகள் ஒற்றுக்கேட்டே கற்றவர்களுக்கு அப்போதுதான் இலக்கண நூல் கிடைத்தது. 2012 டிசம்பரில் வெளிவந்த சாம்பா 4, ஆக்டிவ் டைரக்டரி என்னும் விண்டோஸ் நிர்வாக முறையின் தலைமைச் சர்வராகவே லினக்ஸ் யந்திரத்தை அமர்த்தும் ஆற்றல் பெற்றது.

சாம்பாவின் கொள்கையில் கிளையண்ட் கணினி சொல்வதற்கு மதிப்பில்லை. மனிதர் தம் பெயரையும் பாஸ்வேர்டையும் கொண்டு தம்மை நிரூபிக்கவேண்டும். இங்கே ஒரு விஷயம் புதியவர்களைத் தவறாமல் குழப்புகிறது. லினக்ஸில் ஏற்கெனவே பாஸ்வேர்ட் உள்ள ஒருவருக்கு, எஸ்.எம்.பி.பாஸ்வேர்ட் என்ற கட்டளையால் மறுபடியும் ஒரு பாஸ்வேர்ட் இடவேண்டியிருப்பதேன்? எஸ்.எம்.பி. முறையில் பாஸ்வேர்ட் கம்பியில் பயணம் செய்வதில்லை. சர்வர் விடுக்கும் ஒரு சவாலுக்கு, பாஸ்வேர்டைக் கொண்டு கணித்த விடையே திரும்பி வருகிறது. அந்த விடையைச் சரிபார்க்கச் சர்வரிடம் பாஸ்வேர்ட் ஒரு விசேஷ உருவில் சேமிக்கப்பட்டிருக்கவேண்டும். லினக்ஸ் தன் பதிவேட்டில் வைத்திருக்கும் உருவம் வேறு, ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவிக்கவும் முடியாது. ஆகையால் இரண்டு பதிவேடுகள். லினக்ஸில் கணக்கு இல்லாதவருக்குச் சாம்பாவில் மட்டும் கணக்குத் திறக்கவும் இயலாது. சாம்பாவுக்குள் நுழைந்தபின் அவர் ஏதேனும் ஒரு லினக்ஸ் பயனரின் உருவில்தானே கோப்பைத் தொடவேண்டும்?

அந்த இடத்திலேதான் பெரும்பாலான புகார்கள் பிறக்கின்றன. ‘பதிப்பு’ என்று ஒரு ஃபோல்டர். ஆசிரியர் ஒரு கட்டுரையைச் சேமிக்கிறார். பிழைதிருத்துபவர் அதைத் திறக்கிறார், வாசிக்கிறார், சேமிக்கப் போனால் அனுமதியில்லை என்கிறது. சாம்பாவின் அமைப்புக் கோப்பில் எழுத அனுமதியுண்டென்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஃபோல்டருக்கும் குழுவின் அனுமதி உண்டு. ஆயினும், வேறுவிதம் சொல்லாவிடில், சாம்பா புதிதாய் உண்டாக்கும் கோப்புக்கு 0744 என்ற அனுமதியையே விட்டுவைக்கிறது. அதாவது உண்டாக்கியவர் எழுதலாம், ஏனையோர் வாசிக்கமட்டும் செய்யலாம். இதற்குப் பரிகாரம் மூன்று சிறு காரியங்கள் சேர்ந்தது. ‘பதிப்பு’ என்ற பெயரிலேயே ஒரு லினக்ஸ் குழுவை உண்டாக்கி ஃபோல்டரை அதற்கு உடைமையாக்கவேண்டும். ஃபோல்டருக்கு 2770 என்ற அனுமதியை இட்டு, முன்னிற்கும் அந்த 2இன் மகிமையால் உள்ளே பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் அதே குழுவைச் சேரும்படி செய்யவேண்டும். சாம்பாவில் புதுக் கோப்புக்கு 0660 என்றும் புது ஃபோல்டருக்கு 2770 என்றும் விதிக்கவேண்டும். இதைச் செய்யாமல், கண்ணில் பட்டதற்கெல்லாம் 777 என்று எழுதித் தீர்த்துக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது பூட்டைச் சரிசெய்வதற்குப் பதில் கதவைக் கழற்றி வைப்பதாகும்.

ஒரு கோப்பை அடையுமுன் ஒருவர் கடக்கவேண்டிய வாயில்கள் பல என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. முதலில் ஃபயர்வால், அதில் 445 என்ற போர்ட். அடுத்து சாம்பாவின் பயனர் பட்டியல். பிறகு அந்தப் பகிர்வுக்கென்று எழுதிய நிபந்தனை. பிறகு லினக்ஸின் அனுமதி. ரெட்ஹேட் வழிவந்த விநியோகங்களில் எஸ்.இ.லினக்ஸ் என்ற காவலும் உண்டு. இவற்றுள் எது மிகவும் குறுகலோ அதுவே முடிவான தீர்ப்பு. ஏனைய யாவும் சரியாயிருந்தும் கதவு திறக்காவிடில், அநேகமாய் எஸ்.இ.லினக்ஸ் அந்த ஃபோல்டரில் சாம்பாவுக்குரிய முத்திரையைக் காணவில்லை என்று பொருள். முத்திரையை இடுவதே பரிகாரம், காவலையே நிறுத்திவிடுவதன்று. அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை உண்டா என்று காட்ட டெஸ்ட்பார்ம் என்ற கட்டளை இருக்கிறது. சர்வீஸை மறுபடி இயக்குமுன் அதை இடும் வழக்கத்தை நான் ஒருநாளும் கைவிட்டதில்லை.

தமிழில் கோப்புக்குப் பெயரிடுகிறவர்களுக்கென்று தனியாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. பிற பாஷைக் கையேடுகளில் இது கிடைப்பதில்லை. விண்டோஸ் ஒரு கோப்பின் பெயரை எழுத்துக் குறிகளால் அளக்கிறது. 255 குறிகள்வரை இடம் தருகிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையாகிய எக்ஸ்ட்-4 பெயரை பைட்டுகளால் அளக்கிறது. அதன் எல்லையும் 255தான். யு.டி.எப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். ‘கோப்பு’ என்ற மூன்றெழுத்துச் சொல்லில் ககரம், ஓகாரக் குறி, பகரம், புள்ளி, மறுபடி பகரம், உகரக் குறி என்று ஆறு குறிகள். ஆகப் பதினெட்டு பைட். எனவே சர்வரில் ஒரு தமிழ்ப் பெயர் 85 குறிகளைத் தாண்ட இயலாது. கட்டுரையின் முழுத் தலைப்பையும், ஆசிரியர் பெயரையும், இதழின் மாதத்தையும் சேர்த்துப் பெயராக இடும் வழக்கமுள்ள இடங்களில் விண்டோஸில் சௌகரியமாயிருந்த கோப்பு சர்வருக்கு நகர மறுக்கிறது. காரணத்தை யாரும் ஊகிப்பதில்லை.

இதைவிடச் சூட்சுமமானது வேறொன்று. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எழுத்துக்கு முன்னே நிற்கும் ஏகாரக் கொம்பும் பின்னே நிற்கும் காலுமாக இரண்டு குறிகளாய்ப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸின் கணக்கில் ஒன்று பதினெட்டு பைட், மற்றது இருபத்தொரு பைட், ஆகவே வெவ்வேறு பெயர். ஆப்பிள் மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்த உருவிலேயே சேமித்து வந்தது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்கள் மட்டும் ஒரே ஃபோல்டரில் இரட்டையாய்த் தோன்றுவதும், ஒன்றைத் திறந்தால் பழைய பாடமும் மற்றதைத் திறந்தால் புதிய பாடமும் வருவதும் இதனால்தான். மேக் கணினி கலந்த இடங்களில் சர்வரின் பெயர்களையெல்லாம் சேர்ந்த உருவுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது அவசியம். அதே சமயம், விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாய்க் கருத, லினக்ஸ் இரண்டாய்க் கருதுவதால் ஆங்கிலப் பெயர்களுக்கு நேரும் ஓயாத தொல்லை தமிழுக்கு இல்லை; நம் எழுத்தில் அந்தப் பேதமே கிடையாது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது 2017ஆம் ஆண்டு மே மாதத்தை நினைக்காமலிருக்க முடியாது. அம்மாதம் 12ஆம் தேதி பரவிய வான்னாகிரை என்னும் நச்சு மென்பொருள், எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்திலிருந்த ஓட்டையின் வழியே யந்திரத்திலிருந்து யந்திரத்துக்குத் தாவி, பிரிட்டனின் அரசாங்க ஆஸ்பத்திரிகளைக்கூட நிலைகுலையச் செய்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. இட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். அதே மாதத்தில் சாம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது: எழுத அனுமதியுள்ள பகிர்வில் ஒருவர் ஒரு மென்பொருள் துண்டைச் சேமித்து, சர்வரையே அதை இயக்கச் செய்யலாம் என்ற நிலை, 2010இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து ஒருவரும் அறியாமல் இருந்து வந்திருந்தது. லினக்ஸ் என்றால் அபாயமில்லை என்ற நம்பிக்கையோடு திருத்தங்களைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த வரலாற்றைச் சிந்திக்கவேண்டும். 2019இல் வந்த சாம்பா 4.11 முதல் எஸ்.எம்.பி.யின் அந்தப் பழைய முதற்பதிப்பு தானாக இயங்குவதில்லை. அதன் பக்க விளைவாக, விண்டோஸின் நெட்வொர்க் ஜன்னலில் சர்வரின் பெயர் முன்போல் தோன்றாமல் போயிற்று. பழைய ஸ்கேனர்கள் சிலவும் பேச மறுத்தன. இதற்காகப் பழைய பதிப்பை மறுபடி உயிர்ப்பிப்பது மகா தவறு. முகவரியை நேரே தட்டச்சு செய்யலாம், அல்லது டபிள்யூ.எஸ்.டி.டி. என்ற சிறு சர்வீஸை நிறுவினால் பெயர் மறுபடி தோன்றும்.

ஆக, எதைத் தேர்வது? கிளையண்ட் யந்திரங்களையும் நாமே பரிபாலிக்கிறோம், அவை லினக்ஸ் யந்திரங்கள், அவற்றின் ரூட் அதிகாரம் பிறர் கையில் இல்லை என்றால் என்.எப்.எஸ். போதும், சர்வர் அறையில் யந்திரத்துக்கு யந்திரம் கோப்பு கொடுக்க அதைவிட எளிய வழி இல்லை. மனிதர்கள் உட்காரும் மேசைகளுக்கு, அதிலும் அவரவர் கணினி அவரவர் ஆட்சியில் இருக்கும் இடங்களில், விண்டோஸ் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் நான் சாம்பாவையே சிபாரிசு செய்வேன். ஒரே ஃபோல்டரை இரண்டின் வழியாகவும் எழுதத் திறந்துவிடுவது, பூட்டுகளைப் பற்றிய இரு வேறு சம்பிரதாயங்களைக் கலப்பதாகையால், தவிர்க்கத் தக்கது. இரண்டில் எதையும் இன்டர்நெட்டுக்கு நேரே திறக்கலாகாது. வெளியூரிலிருந்து வேலை செய்வோர் வயர்கார்ட் போன்ற வி.பி.என். ஒன்றின் வழியே உள்ளே வரட்டும். பகிர்வு பேக்கப் ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கவேண்டும்: ஒருவர் கணினியில் புகுந்த நச்சு மென்பொருள், அவருக்கு எழுதும் அனுமதியுள்ள அத்தனை கோப்புகளையும் சர்வரிலேயே குலைத்துவிடும். ஆதலால், பகிர்வின் வழியே எட்ட முடியாத வேறொரு யந்திரம் சர்வரின் கோப்புகளைத் தானே வந்து எடுத்துச் செல்லும்படி அமைப்பது உத்தமம்.

வேலை முடிந்ததென்று எழுந்து வருமுன் நான் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. சர்வரின் முன்னிருந்து செய்தால் அது பயன்படாது. அந்தந்த மேசைக்கே போகவேண்டும். ஆசிரியரின் மேசையில் அவர் பெயரால் நுழைந்து, ஓகாரம் வரும் ஒரு தமிழ்ப் பெயரில் கோப்பை உண்டாக்கச் சொல்கிறேன். பிழைதிருத்துபவரை அவர் மேசையிலிருந்து அதைத் திறந்து ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். கணக்கரை அதே ஃபோல்டரைத் திறக்க முயலச் சொல்கிறேன், அவருக்குத் திறக்கலாகாது. பிறகு, கோப்பு திறந்திருக்கும்போதே சர்வரை மறுபடி இயக்கிவிட்டு, மேசையருகில் நின்று திரை உயிர்பெறும்வரை காத்திருக்கிறேன். முடிவில் சர்வருக்கு வந்து அந்தக் கோப்பைப் பட்டியலிட்டால், உடைமையாளர் பத்தியில் ஒரு மனிதரின் பெயரும், குழுப் பத்தியில் ‘பதிப்பு’ என்ற குழுவும் நிற்கவேண்டும். ‘நோபடி’ என்று நின்றால், அமைப்புக் கோப்பை மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்க உட்காருகிறேன்.